கையுளைவுக்குப் பாய்மரத்தை நிமிர்த்திய கதை

சோளகக் காற்று தொடங்கி இரண்டாவது கிழமையில் என் வலக்கை உளையத் தொடங்கியது. முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கமாக, நாள் முழுதும் கிணற்றில் தண்ணீர் அள்ளியவனுக்கு வருவது போன்ற உளைவு. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் கணக்கு எழுதிய கை என்பதால், வீட்டில் சோக்குக் கட்டியின் மீது பழியைப் போட்டு, நல்லெண்ணெயும் ஒத்தடமுமாக வைத்தியத்தையும் தொடங்கிவிட்டார்கள். உண்மைக் காரணம் எனக்கும் என் மருமகனுக்கும் மட்டுமே தெரியும். சனி, ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியில், குருநகர்க் கரையிலிருந்து எங்கள் வள்ளத்தில் பாய் விரித்து, தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு எதிராகக் குறுக்கும் மறுக்குமாக மண்டைதீவுப் பக்கம் ஏறுவோம். பண்ணைப் பாலத்தைப் பார்த்து ஓடும் நீண்ட ஓட்டங்களில் காற்று இடப்பக்கத்தில் இருக்கும். அப்போது நான் இடப்பக்க விளிம்பில் உட்கார்ந்து சுக்கான் பிடியை வலக்கையில் வைத்திருப்பேன். காற்று ஏற ஏற அந்தப் பிடி என்னை விட்டு விலகி மறுபக்கம் ஓடப் பார்க்கும். அதை என் பக்கம் இழுத்துப் பிடித்தபடி இருபது நிமிடம் ஓடினால், கரையில் இறங்கியதும் தேநீர்க் கோப்பையைத் தூக்கக்கூடக் கை நடுங்கும்.

வள்ளம் என்று நான் இங்கே சொல்வது ஜி.பி. 14 என்ற வகையைச் சேர்ந்த, பாயும், அடியில் தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையும் கொண்ட 14 அடிப் படகு. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1949இல் வரைந்த வடிவம் அது. பெரிய பாயில் ஒரு மணிச் சின்னம் இருக்கும். எங்களுடையதில் அது பாதி அழிந்து, கவிழ்த்து வைத்த செம்பு போலத் தெரிகிறது. 2022இல் மண்ணெண்ணெய்க் கான்களுடன் மீனவர்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில், காற்று சும்மாதானே வீசுகிறது என்று எனக்குள் புகுந்த எண்ணம், ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் கொழும்புப் பக்கத்திலிருந்து லொறியில் வந்திறங்கியது. யாழ்ப்பாணத்தில் பாய்க்கப்பல் என்று வாயெடுத்தால், கேட்பவர் உடனே வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை ஓடிய அன்னபூரணியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பெருமைப்படத்தக்க கதைதான். அட்லாண்டிக்கைக் கடந்தவர்களின் மண்ணில் பிறந்தவன் என்ற தகுதி என் முழங்கைக்கு ஒரு பயனும் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முச்சையின் கணக்கு

தை மாதத்து வாடையில் பட்டம் ஏற்றி வளர்ந்த எவருக்கும் இந்தச் சிக்கலின் அடிப்படை புதிதாக இராது. பட்டம் ஒரு பக்கம் சரிந்து குத்தினால், அதை இறக்கி, நூலைப் பட்டத்தோடு இணைக்கும் முச்சையின் முடிச்சைச் சற்றே தள்ளிக் கட்டுவோம். ஒரு விரற்கடை தள்ளினால் போதும், குத்திக்கொண்டிருந்த பட்டம் ஆணி அடித்தது போல நிற்கும். பாய் வள்ளத்திலும் அப்படி ஒரு நடுநிலை உண்டு. பாய்களின் மீது காற்றுக் கொடுக்கும் தள்ளு முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். வள்ளம் பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீர் கொடுக்கும் தடுப்பையும் நடுப்பலகைக்கு அருகே இன்னொரு புள்ளியில் குவித்துக்கொள்ளலாம். காற்றின் புள்ளி தண்ணீரின் புள்ளிக்குப் பின்னால் விழுந்தால் வள்ளத்தின் பின்பக்கம் தள்ளப்பட்டு, அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பும். முன்னால் விழுந்தால் வள்ளம் காற்றுக்கு முதுகு காட்டும். என் பிடி ஓடப் பார்த்த திசை முதல் வகையைக் காட்டியது. பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தால் பாய்களும் அவற்றோடு காற்றின் புள்ளியும் பின்னால் போகும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. எங்கள் மரம் பார்வைக்கே பின்னால் சாய்ந்து நின்றது. நோயும் மருந்தும் ஒரே நாளில் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் நான் அடுத்த கேள்வியைக் கேட்கவேயில்லை.

அளக்காமல் எதையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், முறையாகவே தொடங்கினேன். அயலில் இருக்கும் மேசனிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கி, வள்ளத்தைத் தள்ளுவண்டியில் வைத்து மட்டம் பார்த்து, பெரிய பாயை மேலே ஏற்றும் கயிறான ஆஞ்சானில் தூக்குக்குண்டைக் கட்டி மர உச்சி வரை ஏற்றினேன். காற்று விழுந்த விடியற்காலையில்தான் குண்டு ஆடாமல் நிற்கும். குண்டுக்கும் மரத்தின் அடிக்கும் இடையிலான தூரத்தை ஒரு பழைய சி.ஆர். கொப்பியில் எழுதினேன். எங்கள் வள்ளத்தில் மரத்தை முன்னால் இழுத்து வைத்திருப்பது முன்பாயின் விளிம்புக்குள் ஓடும் கம்பி. பக்கக் கம்பிகள் இரண்டும் மரத்துக்குச் சற்றுப் பின்னால், வள்ளத்தின் விளிம்பில் உள்ள துளைத் தகடுகளில் முடிகின்றன. பக்கக் கம்பிகளை ஒரு துளை நீட்டிவிட்டு முன்பாயின் ஆஞ்சானை இறுக்கினால் மரம் முன்னே நிமிரும். கம்பிகள் மரத்தோடு மிகக் குறுகிய கோணத்தில் நிற்பதால், தகட்டில் 1 சென்ரிமீற்றர் மாற்றினால் மர உச்சி பல சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். இது எனக்கு முதலில் தெரியவில்லை. ஒரு துளைதானே என்று மாற்றிவிட்டுக் குண்டைப் பார்த்தபோது, அது எனக்குச் சொல்லாமல் எங்கோ போயிருந்தது.

நான்கு கிழமைகளில் மர உச்சியை 14 சென்ரிமீற்றர் முன்னே கொண்டுவந்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொப்பியில் பிடியின் கனத்துக்கு ஒன்றிலிருந்து பத்து வரை புள்ளி போட்டேன். மெல்லிய காற்றில் புள்ளி நன்றாகக் குறைந்து வந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு மேல் சோளகம் ஏறி ஏரி வெள்ளை வெள்ளையாக நுரைக்கத் தொடங்கியதும் பழையபடி எட்டு, ஒன்பது. மெல்லிய காற்றில் கிடைத்த எண்களை என் மருந்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். பலத்த காற்றில் கிடைத்தவற்றுக்கு வேறு காரணங்கள் சொன்னேன். காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் கேடு. வள்ளம் சரிந்தால் பாயின் தள்ளு வள்ளத்துக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே போய்விடுகிறது. தள்ளுவண்டியை ஒற்றைக் கைபிடியில் தள்ளினால் எப்படி அது மறுபக்கம் திரும்புமோ, அப்படி வள்ளமும் திரும்பும். ஆகவே மருமகனை விளிம்புக்கு வெளியே இன்னும் சாயச் சொன்னேன். பழைய பாய் தொய்ந்து, அதன் வயிறு பின்னுக்குப் போயிருந்தால் காற்றின் புள்ளியும் பின்னுக்குப் போகும். ஆகவே பாயின் அடிவிளிம்பை இழுத்துத் தட்டையாக்கினேன். நடுப்பலகையைச் சற்றுத் தூக்கினால் அது பின்னால் மடங்கி, தண்ணீரின் புள்ளியையும் தன்னோடு பின்னால் இழுத்துக்கொண்டு போகும். நம் ஏரியில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான் என்பதால் அதை நாங்கள் வேண்டியும் வேண்டாமலும் செய்துகொண்டிருந்தோம். சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பலன் இருந்தது. அதனாலேயே தேடலை நிறுத்த மனம் வரவில்லை.

இடுப்பளவு தண்ணீரில்

ஐந்தாவது கிழமை ஞாயிறு, பொழுது சாயும் நேரம், காற்று விழுந்துவிட்டது. கோட்டைப் பக்கமாக மெல்ல வந்துகொண்டிருந்தோம். மருமகன் முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர்ப் போத்தலை எடுப்பதற்காகப் பிடியை விட்டுவிட்டுக் குனிந்தேன். ஒழுங்கான ஒரு பாய் வள்ளத்தில் பிடியை விட்டால், அது தானே காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடத்து, நின்றுவிடும். ஆள் தவறி விழுந்தாலும் வள்ளம் காத்திருக்கும் என்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் வள்ளம் மறுபக்கம் திரும்பியது. நான் நிமிர்வதற்குள் அது காற்றுக்கு முழு முதுகையும் காட்டிவிட்டது. எங்கிருந்தோ ஒரு சிறு காற்று வந்து பாயின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, பெரிய பாயின் அடித்தடி வள்ளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடித்தது. மருமகனின் காதின் மேல்பக்கத்தில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த கணம் அவன் வள்ளத்தில் இல்லை.

நல்ல காலம், ஏரி ஏரிதான். இடுப்பளவு தண்ணீரில், தோளில் சாதாழை மாலையோடு எழுந்து நின்று, காதைப் பொத்திக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். “மாமா, நீங்கள் மரத்தை நிமிர்த்தினது காணும்” என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கடலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனும் நானும் தனித்தனியாக யோசித்தபடி வள்ளத்தை நடந்தே கரைக்கு இழுத்து வந்தோம். மெல்லிய காற்றில் வள்ளம் சரிவதில்லை; ஆகவே காற்றை நோக்கித் திரும்பும் போக்கு அப்போது இயல்பாகவே குறைந்திருக்கும். அந்தக் குறைந்த போக்கையும் நான் மரத்தை முன்னே தள்ளித் தள்ளி அழித்து, எதிர்ப்பக்கம் போக வைத்திருந்தேன். என் கொப்பியில் மெல்லிய காற்றுக்கு நேரே இருந்த அழகான சிறிய எண்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

கரையில் ஒரு முதியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் ஒவ்வொரு கிழமையும் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பவர், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஈரம் சொட்ட நின்ற மருமகனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மாஸ்ரர், வள்ளத்துக்கு என்ன வருத்தம்?”

“சுக்கான் கனக்குது ஐயா.”

“கனக்குதெண்டா?”

நான் வாய் திறந்து, மூடினேன். கனம் என்றால் கனம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, “மரத்தை வந்த மாதிரியே திரும்ப வையுங்கோ. நாளைக்குப் பின்னேரம் காத்து ஏறட்டும், நானும் வாறன்” என்றார்.

நாலு விரல்

அடுத்த நாள் திங்கட்கிழமை. மருமகன் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தான். காதில் நீலம் பூத்திருந்தது. பக்கக் கம்பிகளைப் பழைய துளைகளுக்கே மாற்றி, குண்டை ஏற்றி, தொடக்கத்தில் எழுதிய அளவு வந்ததா என்று சரிபார்த்துக்கொண்டேன். மூன்று மணிக்கு ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பெரிய பாயை இழுக்கவும் தளர்த்தவும் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்றார். நான் அதுவரை அதற்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்லி வந்தேன். சின்ன வயதில் இஞ்சின் இல்லாத வள்ளத்தில் இந்த ஏரியில் இறால் வலைக்குப் போனவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது. பிடியைத் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று தலையசைத்து எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். காற்று நன்றாக ஏறியிருந்தது. பண்ணைப் பாலத்தைப் பார்த்த ஓட்டத்தில் கை வழக்கம்போல இறுகத் தொடங்கியது. “இப்ப பாருங்கோ ஐயா, இழுக்குது” என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. பிடியின் நுனியைப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் நடுக்கோட்டைப் பார்த்தார்: பாய்மரத்தின் அடியிலிருந்து பின்பலகையின் நடு வரை கண்ணால் ஒரு நூல் பிடித்தது போல இருந்தது. எழுந்து வந்து, நடுக்கோட்டுக்கும் பிடியின் நுனிக்கும் இடையில் தன் வலக்கையை நெட்டாக வைத்தார். சுண்டுவிரல் தொடங்கிச் சுட்டுவிரல் வரை இடைவெளி சரியாக நிரம்பியது. “நாலு விரல்” என்றார். “இவ்வளவு விலகல் இருக்கத்தான் வேணும். இதுகும் இல்லாட்டி அது செத்த வள்ளம்.”

“அப்ப ஏன் ஐயா கை உளையுது?”

“அதைத்தான் நானும் பாக்கிறன். விலகினது நாலு விரல். நீங்கள் பிடிக்கிறது நாப்பது விரலுக்குப் பிடிக்கிற பிடி.”

இந்த இடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனதை நான் மறைக்க விரும்பவில்லை. விசை வேறு, கோணம் வேறு என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை குழப்பினால் சோக்குக் கட்டியால் எறிந்திருக்கிறேன். ஐந்து கிழமையாக நான் அளந்தது விசையை. மாற்றியது கோணத்தைத் தீர்மானிக்கிற மரத்தை. வள்ளம் எவ்வளவு திரும்பப் பார்க்கிறது என்பதைச் சொல்வது பிடியின் விலகல். அதைப் பிடித்திருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது சுக்கானின் வடிவத்தையும் அது நிற்கும் நிலையையும் பொறுத்த வேறொரு கணக்கு. நல்ல வடிவில், நேராக நிற்கும் சுக்கான், வள்ளம் மோசமாகத் திரும்பப் பார்க்கும்போதுகூடக் கையில் இலேசாக இருக்கலாம். வள்ளம் முழு நடுநிலையில் இருக்கும்போதும் ஒரு கெட்ட சுக்கான் கையை ஒடிக்கலாம். கனக்குது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகளையும் போட்டு மூடிவிட்டு, ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெறும் விரலை வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பிடியின் நீளம் 95 சென்ரிமீற்றர். நாலு விரல் ஏறக்குறைய 7. கோணம் 4 பாகைக்குச் சற்றுக் கூட. அந்த அளவு விலகி நிற்கும் சுக்கான், நடுப்பலகையோடு சேர்ந்து வள்ளம் பக்கவாட்டில் நழுவாமல் தாங்கவும் செய்கிறது என்று பிறகு படித்தேன். பத்துப் பாகையைத் தாண்டினால்தான் அது வேகத்தைத் தின்னும் பிரேக் ஆகிறது.

ஐயா அதற்குள் பின்பலகையின் மீது குப்புறப் படுத்து, தலையைத் தண்ணீருக்கு மேல் நீட்டியிருந்தார். சோளகத்தில் ஏரி கலங்கித்தான் இருக்கும். ஆனாலும் சுக்கான் அலகின் பின்னால் எழும் நுரைக்கோடு தெரியும். அது பின்பலகைக்கு மிக அருகில் எழுவதற்குப் பதிலாக ஒரு முழம் தள்ளி எழுந்துகொண்டிருந்தது. “தம்பி, இஞ்ச வந்து பார்” என்று மருமகனைக் கூப்பிட்டார். அவனும் படுத்துப் பார்த்தான். “சுக்கான் படுத்துக் கிடக்குது மாமா” என்றான்.

எங்கள் சுக்கானின் அலகு, தரை தட்டினால் உடையாமல் பின்னால் மடங்கும்படி ஓர் அச்சாணியில் தொங்குகிறது. ஏரிக்கு அது இல்லாமல் முடியாது. அதைக் கீழே இறக்கி நிறுத்துவதற்கு ஒரு கயிறு உண்டு. அலகின் மேல் மூலையிலிருந்து பிடியின் வழியே ஓடி, முன்னால் ஒரு கவ்வியில் மாட்டப்படுகிறது. கொழும்பிலிருந்து வந்த கயிறு இற்றிருந்ததால், வந்த முதல் கிழமையிலேயே நான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வலைக்கடையில் பச்சை நைலோன் கயிறு ஒன்று வாங்கிக் கட்டியிருந்தேன். கரையில் இழுத்துக் கட்டினால் அலகு தூக்குக்குண்டு போல நேராக நிற்கும். நானும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் தண்ணீரில் இறங்கினேன். மெல்லிய காற்றிலும் அது அப்படியே நின்றது. வேகம் ஏறி, தண்ணீர் அலகைப் பின்னால் தள்ளத் தொடங்கியதும் நைலோன் இழுபட்டது. பலத்த காற்றில் மட்டும் எட்டு, ஒன்பது என்று புள்ளி விழுந்ததற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அன்றிரவு வீட்டில் கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியாருக்கு வேறு ஆறுதல் ஏது? அலகின் அகலம் 24 சென்ரிமீற்றர். ஓடும் தண்ணீர் அலகைப் பக்கவாட்டில் தள்ளும் புள்ளி, முன் விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால்வாசி அகலத்தில், அதாவது 6 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும். அலகு நேராக நின்றால் சுக்கான் திரும்பும் அச்சும் அலகின் முன் விளிம்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால், கை தாங்க வேண்டிய நெம்புகோலின் நீளமும் அந்த 6தான். அலகு 20 பாகை பின்னால் சாய்ந்தால், அச்சாணிக்கு 45 சென்ரிமீற்றர் கீழே இருக்கும் அந்தப் புள்ளி இன்னும் 15 சென்ரிமீற்றர் பின்னால் போகிறது. 6 என்பது 21 ஆகிறது. அதே தண்ணீர், அதே கோணம், கையில் மூன்றரை மடங்கு பாரம்.

20 பாகை என்று நான் ஊகித்தது சரிதானா என்ற சந்தேகம் தூங்கவிடவில்லை. விடிந்ததும் அந்த நைலோன் கயிற்றை முற்றத்து மாமரக் கிளையில் கட்டி, ஒரு மீற்றர் தூரத்தில் இரண்டு மைக் கோடுகள் போட்டு, 20 லீற்றர் பெயின்ற் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துத் தொங்கவிட்டேன். கோடுகளுக்கு இடையே 3 சென்ரிமீற்றர் கூடியிருந்தது. பிடியின் நீளத்துக்கு ஓடும் கயிறும் ஏறக்குறைய ஒரு மீற்றர்தான். அலகின் மேல் மூலையில் அது கட்டப்பட்ட இடம் அச்சாணியிலிருந்து 8 சென்ரிமீற்றர். 8இல் 3 நழுவினால் 20 பாகைக்குச் சற்றுக் கூடத் திரும்பும். வாளி மரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, கைக்கு எண்ணெய் பூசுவதை இனி நிறுத்தலாமா என்று கேட்டாள்.

பூவரசங்குச்சி

நைலோனுக்குப் பதிலாக இழுபடாத பொலியெஸ்ரர்க் கயிறு போட்டேன். ஐயாவுக்கு அது போதவில்லை. கயிறு என்றால் என்றைக்கோ நெகிழத்தான் செய்யும் என்று சொல்லி, அலகும் அதைத் தாங்கும் கன்னங்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரு துளை போடச் சொன்னார். அதில் பென்சில் தடிப்பில் சீவிய பூவரசங்குச்சியைச் செருகினார். நேராக ஓடும்போது குச்சி அலகைப் பிடித்திருக்கும். தரை தட்டினால் குச்சி முறியும், அலகு தப்பும். முதல் கிழமையில் இரண்டு குச்சி முறிந்தது. இப்போது மருமகனின் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து இருக்கும்.

குச்சி செருகிய முதல் பின்னேரம் பலத்த காற்றில் பிடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனேன் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. ஐயா கூட வந்த நாளில் வள்ளத்தில் மூன்று பேர் இருந்தோம். பாரம் கூடியதால் வள்ளம் அதிகம் சரியவில்லை, நாலு விரலோடு நின்றது. நாங்கள் இருவர் மட்டும் போனபோது காற்று ஓங்கி அடித்த நேரங்களில் விலகல் ஏழு, எட்டு விரல் வரை போனது. ஆகவே மரமும் கொஞ்சம் குற்றவாளிதான். முன்பு 14 சென்ரிமீற்றர் தள்ளிய மரத்தை இம்முறை 4 மட்டும் முன்னே கொண்டுவந்து நிறுத்தினேன். அதோடு காற்று ஓங்கும்போது தாமானைத் தளர்த்தி வள்ளத்தை நிமிர்த்தி ஓட்டப் பழகியதில், மரத்தால் கிடைத்ததைவிடக் கூடிய பலன் கிடைத்தது. பிடியை விட்டால் வள்ளம் இப்போது சோம்பலாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கிறது. மெல்லிய காற்றில் இதை ஒவ்வொரு நாளும் ஒரு முறை சோதித்த பிறகே மருமகன் முன்னால் போய் உட்காருகிறான். உட்கார்ந்தாலும் அடித்தடிக்குத் தலையைக் கொடுப்பதில்லை.

புதிய கொப்பியில் இரண்டு நிரல்கள் போட்டிருக்கிறேன்: ஒன்றில் விலகல், விரல் கணக்கில், மற்றதில் பாரம். பழைய கொப்பியில் இருப்பது கனம் என்ற ஒரே நிரல். அந்த ஐந்து கிழமை எண்களில் எது மரத்தினால் வந்தது, எது கயிற்றினால் வந்தது என்று இப்போது பிரிக்க வழியில்லை. நைலோன் கயிறு கிணற்றடியில் வாளியோடு இருக்கிறது. அந்த வேலைக்கு அது இழுபட்டாலும் குறையொன்றும் இல்லை.

ஐயா அதன் பிறகு எங்கள் வள்ளத்தில் ஏறவில்லை. வலைக்குப் போகும் நாட்களில் மகனின் ஃபைபர் வள்ளத்தில், இஞ்சின் இரைச்சலோடு எங்களைக் கடந்து போவார். கூப்பிட்டால் கேட்காத தூரம். அணியத்தில் இருந்தபடியே நாலு விரலை உயர்த்திக் காட்டுவார். நான் பிடியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவேன். அவர் தலையை ஒரு பக்கம் ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.